தேநீர் வண்டி வரும்வரை

விஷயத்தைச் சொல்லி முடித்ததும் டாக்டர் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடியும் திறந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மிஸ்டர் பெக்வித். உங்க டி.வி. நிகழ்ச்சின்னா என் பையனுக்கு உயிர். ஒரு கையெழுத்து போட்டுத் தர முடியுமா?"

லெஸ்லி பெக்வித் போட்டுக் கொடுத்தான். வயிற்றில் இருப்பது கட்டி, ஈரல்வரை பரவிவிட்டது, வெட்டி எடுப்பதற்கு இல்லை, கோடைக்காலத்தைப் பார்ப்பது சந்தேகம் என்றெல்லாம் சற்று முன்னால் சொன்ன அதே வாய்தான் இப்போது கையெழுத்து கேட்டது. கேட்ட மனிதரைக் குறை சொல்லிப் பயனில்லை. கெட்ட சேதி சொன்னபிறகு கையை எங்கே வைப்பது என்று யாருக்குத்தான் தெரிகிறது?

"கீழே அந்த நிழல் வசனத்தையும் எழுதிடுங்களேன்" என்றார் டாக்டர், அவன் காதைப் பார்த்துக்கொண்டே.

சலவைக்குப் போட்ட தன் நிழல் சுருங்கித் திரும்பி வந்துவிட்டது என்று கடைக்காரனோடு மல்லுக்கு நிற்கும் குமாஸ்தா வேடம் லெஸ்லியுடையது. 'இது என்னோட நிழல் இல்லைங்க. என்னோடது இதைவிடப் பெரிசு.' அந்த வருடம் லண்டனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து பஸ் கண்டக்டர்வரை அதைச் சொல்லாத வாய் இல்லை. லெஸ்லி அதையும் எழுதினான்.

எழுந்து நின்றபோது ஒரே ஒரு சந்தேகம் வந்தது. உண்மையாகவே வந்தது. கேட்டான்.

"தள்ளுபடியில ஒரு குளிர்கோட்டு பார்த்து வச்சிருக்கேன் டாக்டர். வாங்கலாமா, வேணாமா?"

டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்படித்தான் உங்களுக்கு உடனுக்குடனே இப்படி வருதோ" என்று கதவுவரை வந்து வழியனுப்பினார். கோட்டைப் பற்றிப் பதில் சொல்லவே இல்லை.

வெளியே பிப்ரவரி மழை பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டிருந்தது. நிலக்கரிச் சுரங்கக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் பேட்டை பேட்டையாகக் கரண்டை நிறுத்திக்கொண்டிருந்த குளிர்காலம் அது. கடைகளில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு வியாபாரம் நடந்தது. லெஸ்லி நடந்தான். அவனுக்கு அப்பா அம்மா இல்லை. கல்யாணம் முறிந்து ஏழெட்டு வருடமாகிறது. அக்கா கனடாவில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். இதைச் சொல்ல அவனுக்கு உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தான், ரோலண்ட் க்ரெஸ்வெல். ரோலண்டிடம் சொல்லிவிட்டால் போதும், பாதி பாரம் இறங்கிவிடும் என்று பட்டது. சொல்லாமல் மட்டும் செத்துவிடக் கூடாது.

பல்கலைக்கழக நாடக மேடையில் ஒட்டிக்கொண்ட இரட்டையர்கள் அவர்கள். பன்னிரண்டு வருடமாக ஒரே மேஜைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்து ஒரே டைப்ரைட்டரில் எழுதுகிறார்கள். ரோலண்ட் நெட்டை, பெரிய மூக்கு. தன் கல்யாணத்திலேயே விருந்தில் மாப்பிள்ளை பேச வேண்டிய பேச்சை ஒரு குதிரையின் குரலில் பேசி மாமியாரை அழவைத்தவன். இந்த ஊர் ஆண்களுக்கு அன்பை நேராகச் சொல்ல நாக்கு வராது. திட்டினால் பிரியம், மோசமாகத் திட்டினால் ரொம்பப் பிரியம். ரோலண்ட் பன்னிரண்டு வருடமாக லெஸ்லியைத் திட்டாத திட்டு பாக்கி இல்லை.

இருவரும், டெனிஸ் ஓட்வே என்ற குண்டனும் சேர்ந்து நடத்தும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பெயர் 'புதன்கிழமை ரத்து'. வியாழக்கிழமைதோறும் வரும். மூன்று நான்கு நிமிடத் துணுக்கு நாடகங்கள், ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தம் இருக்காது. ஏணியாக வாடகைக்குப் போகும் பாதிரியார் ஒருவர். வரிசையில் நிற்க உரிமம் வழங்கும் அலுவலகம், அந்த உரிமத்துக்கு ஒரு வரிசை. முகத்தைப் பாறை மாதிரி வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அது மட்டும்தான் அங்கே சட்டம்.

எந்தத் துணுக்குக்கும் முடிவு கிடையாது. முடிவு எழுதுவது சோம்பேறிகளின் வேலை என்பது ரோலண்டின் கட்சி. அதற்குப் பதில் ஒரு தேநீர் வண்டி வரும். டெனிஸ் தலையில் துணி கட்டி, பூப்போட்ட மேலங்கி மாட்டி, அலுவலகங்களில் தேநீர் கொண்டுவரும் அம்மாவாக வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைவான். கொலை நடந்துகொண்டிருந்தாலும் சரி, போர் நடந்துகொண்டிருந்தாலும் சரி, மேடையில் இருப்பவர்கள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் வரிசையில் நின்றாக வேண்டும். அத்தோடு அந்தத் துணுக்கு முடிந்தது. நாடே அந்த வண்டிக்காகக் காத்திருந்து சிரித்தது.

சலவை இயந்திரக் கடைக்கு மேல்மாடியில்தான் அவர்கள் எழுதும் அறை. லெஸ்லி படியேறி வந்தபோது கரண்ட் போயிருந்தது. கீழே இயந்திரங்களின் சத்தம் நின்று, சோப்பு வாசனை மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது. டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் ஒரு சாசரில் மெழுகுவத்தி. ரோலண்டும் டெனிஸும் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துட்டாருடா துரை" என்றான் ரோலண்ட். "ஊரே இருட்டுல தடவிக்கிட்டு வேலை செய்யுது, இவரு மத்தியானத் தூக்கத்தை முடிச்சுட்டு வர்றாரு. ஏதாவது கொண்டுவந்திருக்கியா, இல்ல உன் அழகு மூஞ்சிதானா?"

"கொண்டுவந்திருக்கேன்" என்றான் லெஸ்லி.

தனியாகச் சொல்லத்தான் நினைத்திருந்தான். 'டெனிஸ், கொஞ்சம் கீழே போய் சிகரெட் வாங்கிட்டு வா' என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ரோலண்ட் டைப்ரைட்டரில் புதுக் காகிதத்தைச் செருகிவிட்டான்.

அந்த மேஜைக்கு ஒரு முறை உண்டு. யார் எதைக் கொண்டுவந்தாலும், முன்னுரை சொல்லாமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொல்லிக்கொண்டு போக வேண்டும். கேட்பவர்கள் 'நல்லாயிருக்கு' என்று சொல்லவே கூடாது. சிரிக்கலாம், இல்லாவிட்டால் 'முடிஞ்சுதா?' என்று கேட்கலாம். முடிஞ்சுதா என்று ஒருத்தன் கேட்டுவிட்டால் அது குப்பைக்கு. அந்த நாற்காலியில் உட்கார்ந்து லெஸ்லி வேறு எதையும், வேறு எந்தக் குரலிலும் பேசியதே இல்லை. அவனுக்கு அங்கே வேறு குரல் கிடையாது.

"காலையில டாக்டர்கிட்ட போயிருந்தேன்" என்றான். "இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லைன்னுட்டாரு."

மெழுகுவத்திக்கு அந்தப் பக்கம் ரோலண்ட் விரல்களை டைப்ரைட்டர்மேல் வைத்துக்கொண்டான்.

"சொல்லி முடிச்சுட்டு, என் பையனுக்கு ஒரு கையெழுத்து வேணும்னு கேட்டாரு."

ரோலண்ட் சிரித்தான். மூக்கு வழியாகக் கிளம்பி, வயிற்றில் இறங்கி, மேஜையைத் தட்டுகிற சிரிப்பு. டெனிஸ் தொப்பியை வாயில் கடித்துக்கொண்டான்.

அங்கேயே லெஸ்லி நிறுத்தியிருக்க வேண்டும். 'டேய், நிறுத்துங்கடா, நிஜமாத்தான் சொல்றேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். ஆனால் ரோலண்ட் சிரிக்கும்போது நிறுத்தும் பழக்கம் அவனுக்கு இல்லையே, பாவம். ரோலண்டைச் சிரிக்க வைப்பதற்காகவேதான் அவன் இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் வயிற்றில் இருந்த வலிகூடக் கொஞ்சம் அடங்கியது போலிருந்தது. அதனால் தொடர்ந்தான். பேனா மூடியைச் சொன்னான். காதைப் பார்த்துப் பேசியதைச் சொன்னான். கோட்டு வாங்கலாமா என்று கேட்டதையும், அதற்கு டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை. உள்ளது உள்ளபடி சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் இன்னும் சிரித்தார்கள். ரோலண்ட் குனிந்து தடதடவென்று டைப் அடித்துக்கொண்டே இருந்தான். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முடிவு?" என்றான் டெனிஸ், மூச்சு வாங்க.

"முடிவுன்னு ஒண்ணும் சொல்லலை. கோடைக்கு முன்னாலன்னாரு."

அதற்கும் ஒரு சிரிப்பு. "அப்ப வண்டிதான்" என்று ரோலண்ட் கடைசி வரியை அடித்துக் காகிதத்தை உருவினான். அதைப் பார்த்தவாறே, "பரவாயில்லைடா, கழுதை" என்றான். நல்லாயிருக்கு என்று சொல்லக் கூடாத மேஜையில் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. லெஸ்லிக்கு அழுகை முட்டியது. இருட்டு இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஒத்திகை ஒரு சர்ச் ஹாலில் நடந்தது. சுவர் எங்கே, கதவு எங்கே என்று தரையில் நாடாவை ஒட்டிவைத்திருந்தார்கள். ரோலண்டுக்கு டாக்டர் வேஷம், லெஸ்லிக்கு நோயாளி.

முதல் தடவை ரோலண்ட் இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு பெரிய டாக்டராக நடித்தான். லெஸ்லிக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி இல்லடா. அவர் பெரிய மனுஷன் மாதிரியெல்லாம் இருக்க மாட்டாரு. நாமதான் ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரியும், அதை அவர் மன்னிச்சுட்ட மாதிரியும் பேசணும். குரலை இறக்கு."

ரோலண்ட் இறக்கினான். ஹாலில் இருந்த நாலைந்து பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

"இதையெல்லாம் எங்கேடா பிடிச்சே?" என்றான் ரோலண்ட்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் மட்டும்தான். இப்போது விட்டால் கிடையாது என்று லெஸ்லி தொண்டையைச் செருமினான்.

"ரோலி, அந்த டாக்டர் துணுக்கு நான் எழுதினது இல்லடா."

ரோலண்டின் முகம் சட்டென்று மாறியது. எழுத்துக்காரனுக்கு இதைவிடப் பயம் வேறில்லை. "யார்கிட்டேருந்து சுட்டே? உண்மையைச் சொல்லு. ஒளிபரப்பான பிறகு எவனாவது வந்து சட்டையைப் பிடிச்சான்னா உன்னைத்தான் முதல்ல காட்டுவேன்."

"டாக்டர்கிட்டேருந்து."

ரோலண்டுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு பஸ் நிறுத்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டாக்டர்கிட்ட சுட்டானாம். அயோக்கியப் பயலே, ஒரு நிமிஷம் குலையே நடுங்கிப்போச்சுடா." பஸ் வந்தது. மாடியில் முன்னிருக்கையில் உட்கார்ந்து அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். நிம்மதியில் வந்த சிரிப்பு அது. லெஸ்லி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னொரு தடவை வாயைத் திறக்கலாம்தான். திறந்தால் இந்தச் சிரிப்பு இத்தோடு போய்விடும், இனிமேல் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் ரோலண்ட் காதைத்தான் பார்ப்பான் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமைப் பதிவு முடியட்டும் என்று விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டுடியோவில் கூட்டம் நிறைந்திருந்தது. நார்த்தாம்டனிலிருந்து ஒரு மாதர் சங்கமே பஸ் பிடித்து வந்திருந்தது. உடுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் மேவிஸ் லெஸ்லியின் கால்சட்டை இடுப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இதுல இன்னொரு ஆளையும் உள்ளே விடலாம் போலிருக்கே. சாப்பிடுறீங்களா இல்லையா?"

"வீட்டுல சமையல் நான்தான் பண்றேன் மேவிஸ். அதை யாரு சாப்பிடுறது?"

அவள் சிரித்துக்கொண்டே பின்பக்கம் ஊசி குத்தி இறுக்கினாள். அந்த ஊரில் அவன் பதில் சொல்லி யார்தான் சிரிக்காமல் இருந்தார்கள்?

டாக்டர் துணுக்கு நடுவில் வந்தது. மேஜை, நாற்காலி, பரிசோதனைக் கட்டில். தலைக்கு மேல் நீளக் கம்பில் மைக் தொங்கியது. முதல் வரியிலேயே கூட்டம் பிடித்துக்கொண்டது. பேனா மூடிக்கு ஒரு அலை, காதுக்கு ஒரு அலை. ரோலண்டுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. கூட்டம் கையில் இருக்கும்போது எழுதாததைச் செய்வது அவன் வழக்கம். எழுதியிருந்தபடி கோட்டுக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்க்க வேண்டும். அவனோ லெஸ்லியைக் கட்டிலில் சாய்த்து, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, "கை ஜில்லுன்னு இருக்கும், மன்னிக்கணும்" என்று வெறும் வயிற்றில் கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினான்.

விரலுக்கடியில் கட்டி நின்றது.

ரோலண்ட் லெஸ்லியின் முகத்தைப் பார்த்தான். பன்னிரண்டு வருடமாக அந்த முகம் போடும் கோணல் அத்தனையும் அவனுக்கு அத்துப்படி. இது அவற்றில் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணோரத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் வலியைத் தாங்கும் முகம். ரோலண்டின் கை அங்கேயே இருந்தது. அடுத்து அவன் சொல்ல வேண்டிய வரி, 'இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லை' என்பது. வாய் திறந்தது, வரி வரவில்லை.

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. டாக்டருக்கே பேச்சு நின்றுவிட்டது என்று முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள், பிறகு வரிசை வரிசையாகப் பரவியது. மௌனம் நீள நீளச் சிரிப்பு கூடியது.

"எப்பலேருந்து?" என்றான் ரோலண்ட், உதடு அசையாமல். மேலே தொங்கிய மைக்குக்கு அது தெளிவாகக் கேட்டது. கூட்டத்துக்கும் கேட்டது.

"போன வாரம்தான் தெரிஞ்சுது."

"என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"சொன்னேனே. நீ டைப் அடிச்சுக்கிட்டிருந்தே."

அந்த நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு அந்த ஸ்டுடியோவில் எழுந்ததில்லை. டாக்டர் நோயாளியைக் கேட்கிற கேள்வியா இது, நோயாளி சொல்கிற பதிலா இது என்று மாதர் சங்கத்துப் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டார்கள். கேமராக்காரர் தோள் குலுங்கியது. ரோலண்டின் கன்னத்தில் கண்ணீர் வழிந்து ஒட்டுமீசை ஒருபக்கம் பிய்ந்து தொங்கியது, அதற்கும் சிரித்தார்கள்.

ரோலண்ட் அவர்கள் பக்கம் திரும்பினான்.

"சிரிக்காதீங்க" என்றான்.

சிரித்தார்கள்.

"தயவுசெஞ்சு சிரிக்காதீங்க. நான் வேஷத்துல பேசலை. இவன் நிஜமாவே சாகப் போறான்."

கைதட்டலே கிளம்பிவிட்டது. அவர்கள் மேல் என்ன தப்பு? இந்த இரண்டு பேரும் முகத்தைப் பாறையாக வைத்துக்கொண்டு என்ன சொன்னாலும் சிரிக்க வேண்டும் என்று வாரா வாரம் பழக்கி வைத்ததே இவர்கள்தானே. ரோலண்ட் இன்னொரு தடவை வாயைத் திறந்து பார்த்தான். பேச என்ன இருந்தாலும் அது வேடிக்கையாகத்தான் போய்ச் சேரும் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டான். லெஸ்லியின் சட்டை நுனியை மட்டும், திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைப் பிடிப்பதுபோல் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

சிரிப்பு உச்சிக்குப் போனதும் வண்டியைத் தள்ள வேண்டும் என்பது டெனிஸுக்கு இட்ட கட்டளை. திரைக்குப் பின்னால் நின்றவனுக்கு ஒன்றும் தெரியாது. சிரிப்பு மட்டும்தான் கேட்டது. கோப்பைகள் கிணுகிணுக்க, சக்கரம் கிரீச்சிட, தலையில் துணிக்கட்டோடு வந்தான்.

"டீ வந்துடுச்சு கண்ணுங்களா. ஆறிடப்போகுது, வாங்க."

வண்டி வந்துவிட்டால் யாரும் இருந்த இடத்திலேயே இருக்கக் கூடாது. லெஸ்லி எழுந்து உட்கார்ந்தான். பொத்தான்களைப் போட்டுக்கொண்டான். அவன் பாரம் பாதி இறங்கித்தான் இருந்தது. இறங்கிய பாதி எங்கே போயிற்று என்று எதிரே நின்ற முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தான்.

"வாடா ரோலி" என்றான் மெதுவாக. "வண்டி வந்துடுச்சு."

"நான் வரலை."

"வேற வழியில்லடா. இதுக்கு வேற கதவு வைக்கலை நாம."

இரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். லெஸ்லி முன்னால், ரோலண்ட் பின்னால், சட்டை நுனியை விடாமல். டெனிஸ் கோப்பையை நீட்டினான். அருகில் ரோலண்டின் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது. ரோலண்ட் அந்தக் கோப்பையை வாங்கி, சர்க்கரை இரண்டு கரண்டி போட்டான். கை நடுக்கத்தில் கரண்டி கோப்பையில் கடகடவென்று அடித்துக்கொண்டது. மாதர் சங்கம் அதற்கும் சிரித்தது. நன்றாகக் கலக்கி லெஸ்லியிடம் கொடுத்தான்.

அந்த வண்டியில் இருப்பது எப்போதும் மத்தியானமே போட்டு ஆறிப்போன தேநீர்தான். யாரும் அதைக் குடித்ததில்லை. குடிப்பதுபோல் பாவனை செய்வார்கள். லெஸ்லி அன்றைக்கு அதை முழுவதும் குடித்தான்.